பழவேற்காட்டுக் கத்தரீனா

எமது வீடுகளில் முன்னோர் பெருமை பேசப்படும்போது உடையார், மணியகாரர், முதலியார், விதானையார் ஆகியோரே வரிசையாக வந்து நிற்பர். விலங்கு பூட்டப்பட்டுக் கப்பலேறிய பாட்டி ஒருத்தி எங்கள் வழியிலே இருந்தாள் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் கலியாணப் பேச்சுக்கு முன் மூன்று தலைமுறை விசாரிப்பது நம்மவர் வழக்கம். அந்த விசாரணைக்கு அஞ்சியே எத்தனை பெயர்கள் வீட்டுக் கதைகளிலிருந்து உதிர்ந்தனவோ, யார் அறிவார்?

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, அரசரையும் புலவரையும் விட்டு, அவ்வாறு உதிர்ந்துபோன பெயர் ஒன்றைத் தேடிச் செல்ல விரும்பினோம். நாம் கண்டெடுத்த பெயர் யாழ்ப்பாணத்தாருடையதுமன்று, கொழும்பாருடையதுமன்று. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலே பிறந்து, அடிமையாய்க் கடல்கடந்து, கொலைக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, ஆபிரிக்காவின் தென்முனைக்கு ஆயுள் முழுவதும் நாடு கடத்தப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் அது. பழவேற்காட்டைப் பலியாக்கத்தா என்று எழுதிய ஒல்லாந்தர், தம் ஏடுகளில் அவளைப் பலியாக்கத்தாவின் கத்தரீனா என்று குறித்தனர். பெரிய கத்தரீன் என்றும் அழைத்தனர். தென்னாபிரிக்காவில் ஸ்னைமன் என்னும் குடும்பப் பெயரைத் தாங்கிய வெள்ளையர் வம்சம் அவளுடைய மகன் ஒருவனிடமிருந்து கிளைத்தது.

கதை நமக்குத் தெரியவரும் ஆண்டு 1656. கொழும்புக்கும் அது மறக்கவொண்ணாத ஆண்டு. ஏறக்குறைய ஏழு மாத முற்றுகையின் பின், பசியாலும் நோயாலும் சோர்ந்த போர்த்துக்கேயர் மே மாதம் 12 ஆந் திகதி கொழும்புக் கோட்டையை ஒல்லாந்தரிடம் ஒப்படைத்தனர். அதே ஆண்டிலே, ஒல்லாந்தக் கும்பனியின் கீழைத்தேசத் தலைநகரமாயிருந்த பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், இந்த அடிமைப் பெண் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தைந்து வரையில் இருக்கும். மலபார் கிளாஸ் என ஏடுகள் குறிக்கும் அடிமையொருவன் அவளுடைய காதலன். இருவருக்குமிடையே சச்சரவு மூண்டது. அவன் அவளைத் தாக்கினான். அவள் திருப்பித் தாக்கினாள். பட்ட அடியால் அவன் இறந்தான். மன்றம் அவளுக்கு மரண தண்டனை விதித்தது.

இறந்தவனுடைய பெயரைப் பற்றி ஒரு சொல். ஒல்லாந்தர் மலபார் என்ற சொல்லைக் கேரளத்தாருக்கு மட்டும் வழங்கவில்லை. இலங்கையில் அவர்கள் தமிழரையும் மலபாரிகள் என்றே எழுதினர். எமது மொழியும் அவர்களுக்கு மலபார் மொழியே. ஆகவே அந்தச் சச்சரவு எந்த மொழியில் நிகழ்ந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் சற்றே திடுக்கிடுகின்றது. பழவேற்காடு தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் கரை. அந்நிய நாட்டு நகரமொன்றிலே இரண்டு அடிமைகள் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்கலாம்.

மரண தண்டனையை ஆயுட்கால நாடு கடத்தலாக மாற்றியவர் மகாதேசாதிபதி ஜொவான் மாற்சூய்க்கர். அவர் எமக்குப் புதியவரல்லர். 1646 முதல் 1650 வரை காலியிலிருந்து ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கைப் பகுதிகளை ஆண்ட தேசாதிபதி அவரே. சட்டம் பயின்றவர், 1642 இல் பத்தாவியாச் சட்டக்கோவையைத் தொகுத்தவர். அவர் இரங்கியது இரக்கத்தினாலா, கணக்கினாலா? எமது கருத்து கணக்கென்பதே. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1652 ஏப்ரலில், ஜான் வான் றீபெக் நன்னம்பிக்கை முனையில் கப்பல்கள் தங்கித் தண்ணீரும் மரக்கறியும் ஏற்றிச் செல்வதற்கென ஒரு நிலையத்தை அமைத்திருந்தார். அங்கே வேலை செய்யக் கைகள் இல்லை. தூக்குமரத்தில் தொங்கும் அடிமையால் கும்பனிக்கு ஆகும் பயன் ஒன்றுமில்லை. துணி வெளுக்கும் அடிமையால் உண்டு.

இவள் பத்தாவியாவுக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தாள் என்பதை அறியப் பழவேற்காட்டின் நிலையைச் சிறிது பார்த்தல் வேண்டும். ஒல்லாந்தர் 1610 இல் அங்கே காலூன்றி, 1613 இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுவே அவர்களது தலைமை நிலையம். வாசனைத் திரவியம் விளைந்த தீவுகளிலே வெள்ளிக் காசைவிட நம் நாட்டுத் துணிக்கே மதிப்பு அதிகம். ஆதலின் பழவேற்காட்டிலும் அயலிலும் நெய்யப்பட்ட துணி கப்பல் கப்பலாகக் கிழக்கே சென்றது. துணி சென்ற கப்பலிலேயே மனிதரும் சென்றனர். மழை பொய்த்த ஆண்டிலும் படை புகுந்த ஆண்டிலும் மனித விலை வீழ்ச்சியடையும். அப்போது கும்பனி நிறைய வாங்கும். 1645 முதல் 1647 வரை அக்கரையிலே கோல்கொண்டாப் படையெடுப்பும் பெரும் பஞ்சமும் ஒன்றாக வந்தன. கத்தரீனா அப்போது பதினான்கு, பதினைந்து வயதுப் பெண். அப்பஞ்சமே அவளையும் கரையை விட்டுத் துரத்தியிருக்கலாம் என ஊகிக்கின்றோம்.

இவ்விடத்தில் நம்மைச் சேர்ந்த செய்தி ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டிலே பஞ்சம் தலைவிரித்தாடியபோது எண்ணாயிரம் முதல் பதினாயிரம் பேர் வரை நாகபட்டினத்திலிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் இறக்கப்பட்ட இடம் இலங்கை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் பேருந்தில் செல்லும் நாம் கொம்பனித் தெரு என்ற பெயரை நாள்தோறும் சொல்கின்றோம்; ஆங்கிலத்தில் அது நெடுங்காலம் அடிமைத் தீவு என்றே அழைக்கப்பட்டது என்பதை நினைப்பதில்லை. கும்பனியின் அடிமைகள் இரவிலே அடைத்து வைக்கப்பட்ட இடம் அது.

பழியை முழுவதும் ஒல்லாந்தர் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளவும் இயலாது. 1707 இல் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய பகுதி உண்டு; அது ஒல்லாந்தர் புதிதாகப் புனைந்ததன்று, எம் முன்னோர் சொல்லக் கேட்டு எழுதியது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலும் பஞ்சத்துக்கு ஆற்றாது தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றவர் செய்தி இருக்கின்றது. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 இல்தான். எனவே உடையார் பரம்பரை என்று மார்தட்டும்போது, அந்த உடையாரின் முற்றத்தில் நின்றவரும் எவரோ ஒருவருடைய பாட்டன் என்பதை எம் வயதினராவது நினைத்துக்கொள்ளலாம். பெரியோர் இதனைப் பொறுத்தருள்க.

1657 பெப்ருவரியில் பிரின்ஸ் வில்லெம் என்னும் கப்பல் கத்தரீனாவை நன்னம்பிக்கை முனையில் இறக்கிற்று. அதே மாதத்திலேதான் கும்பனி தன் ஊழியர் ஒன்பது பேரை விடுவித்து, நிலம் கொடுத்து, முதற் குடியானவராக்கியது. தென்னாபிரிக்க வெள்ளையர் தம் குடியேற்ற வரலாற்றை அந்த ஒன்பதின்மரிடமிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாறாயின் நமது குற்றவாளிப் பெண்ணும் அவர்களோடு ஒரே மாதத்தில் வாழ்வு தொடங்கிய ஆதிக் குடியே. ஆயிரக்கணக்கில் அடிமைகள் வந்தது பின்னர். ஆபிரிக்கக் கரைகளிலிருந்து அடிமைகளை நிறைத்த கப்பல்கள் முதன்முதலில் வந்ததே 1658 இல். அவள் வந்தபோது அங்கே ஒரு மண்கோட்டையும், ஒரு தோட்டமும், மலையிலிருந்து இறங்கும் ஓடையுமே இருந்தன.

றீபெக் குடும்பத்தின் துணி வெளுப்பது அவளுடைய வேலை. நாம் மிஷன் பாடசாலையிலே றீபெக்கின் பெயரையும் 1652 என்ற ஆண்டையும் மனனஞ் செய்தோம், பரீட்சையிலும் எழுதினோம். அவர் உடுத்த சட்டையை வெளுத்தவள் எம் கரையைச் சேர்ந்தவள் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரிந்திராது. அவ்வீட்டிலேயே மற்றொரு பெண்ணும் வளர்ந்தாள். குறொத்தோவா என்னும் அந்நாட்டுச் சிறுமி அவள்; ஒல்லாந்தருக்கும் தன் மக்களுக்கும் இடையே துபாஷியாயிருந்தவள்; 1662 இல் ஈவா என ஞானஸ்நானம் பெற்று, 1664 இல் ஐரோப்பியன் ஒருவனை மணந்தவள். கணவன் இறந்தபின் அவளை றொபன் தீவுக்கு அனுப்பினர். 1674 இல் இறந்தாள். சொந்த நாட்டிலே பிறந்தவள் சிறைத்தீவிலே அழிய, சிறைப்பட்டு வந்தவள் குடியும் குடித்தனமுமாய் நிலைபெற்றாள். விதியென்பதா, மனத்திடம் என்பதா? எமக்கு விடை தெரியவில்லை. ஆயினும் இருவரையும் சேர்த்து நினையாமல் ஒருத்தியை நினைக்க முடியவில்லை.

கத்தரீனாவின் வாழ்வு திரும்பியது 1660களின் பிற்பகுதியில். ஹைடல்பேர்க் நகரத்தவனான ஹான்ஸ் கிறிஸ்தோபல் ஸ்னைமன் கும்பனிப் படையிலே சாதாரண சிப்பாய். இரவுக் காவலை விட்டு அவளிடம் சென்றிருந்தான் என்ற குற்றத்துக்காக அவன் தண்டிக்கப்பட்டான். இந்தத் தண்டனைப் பதிவு இல்லையேல் ஒரு பெரிய வம்சத்தின் மூலம் எவருக்கும் தெரிந்திராது. 1668 ஒக்டோபரில் கத்தரீனா ஞானஸ்நானம் பெற்றாள். 1669 மார்ச்சில் அவளுடைய மகன் கிறிஸ்தோபல் ஞானஸ்நானம் பெற்றான். மிஷன் பாடசாலையிற் பயின்றமையால் ஞானஸ்நான ஏடு எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஒரு வரி, ஒரு திகதி, ஒரு பெயர். அப்பெயருக்கு முன்பு ஒருவருக்கு என்ன பெயர் இருந்தது என எழுத அதிலே இடமில்லை. கத்தரீனா என்பது அவளுடைய தாய் இட்ட பெயரன்று. ஞானஸ்நானத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பத்தாவியா மன்றத்திலேயே அப்பெயரால்தான் அழைக்கப்பட்டாள். அடிமையை வாங்கியவர் பண்டத்துக்கு முத்திரை இடுவதுபோல் பெயரும் இடுவர். செல்லம்மாவோ, மங்கம்மாவோ, யாரோ ஒருத்தி பழவேற்காட்டுக் கரையோடு நின்றுவிட்டாள்.

1671 ஆம் ஆண்டின் இறுதியில் அவள் வங்காளத்து அந்தோனி யான்ஸ் என்பவனை மணந்தாள். அவனும் ஒருகாலத்து அடிமை. விடுதலை பெற்றுச் சுதந்திரக் குடியானவனாய் வாழ்ந்தவன். சுதந்திரக் கறுப்பர் என்று ஏடுகளில் எழுதப்பட்ட சிறு கூட்டத்திலே இத்தம்பதியரும் அடங்குவர். பதினான்கு ஆண்டுகள் குற்றவாளியாய் இருந்தவள் வீட்டுக்காரியானாள். 1680களின் தொடக்கத்தோடு இருவரைப் பற்றிய பதிவுகளும் நின்றுவிடுகின்றன.

மகன் கிறிஸ்தோபல் வளர்ந்து வந்த காலத்திலே கலப்பு மணத்தைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்று வந்தது. 1685 இல் கும்பனியின் விசேட ஆணையாளராய் அங்கு வந்த ஹென்றிக் வான் றீட, ஐரோப்பியர் விடுதலை பெற்ற முழுக் கறுப்புப் பெண்களை மணத்தல் கூடாது, கலப்பினப் பெண்களை மணக்கலாம் எனப் பணித்தார். சோழமண்டலத் தலைமை நிலையத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகபட்டினத்துக்கு மாற்ற முடிவு செய்தவரும் அவரே. ஒரே மனிதருடைய கை தாயின் ஊரையும் மகனின் நாட்டையும் ஒருசேரத் தொட்டது வியப்பன்றோ! கிறிஸ்தோபலோ ஆண், விதி அவனைத் தடுக்கவில்லை. 1690 ஆம் ஆண்டளவில் அவன் மார்கரீத் தெரேஸ் த சவோய் என்பவளை மணந்தான். மதத்துக்காக ஐரோப்பாவை விட்டு 1688 இல் வந்து குடியேறிய புரட்டஸ்தாந்து வணிகன் ஒருவனின் மகள் அவள். குற்றவாளிப் பெண்ணுக்குப் பிறந்தவனுக்கு அகதியான கனவானின் மகள். வான் றீடவின் பெயரால் வழங்கிய திராக்கன்ஸ்டைன் பள்ளத்தாக்கிலே அவர்கள் பண்ணை செய்து, ஒன்பது பிள்ளைகளைப் பெற்றனர். அப்பிள்ளைகளிலிருந்தே குலம் பெருகிற்று.

பின்னர் என்ன நிகழ்ந்தது? மறதி நிகழ்ந்தது. இரண்டு நூற்றாண்டுகளில் பழவேற்காடு முற்றாக அழிந்து, ஹைடல்பேர்க்கும் பிரெஞ்சுப் பிரபுத்துவமும் மட்டுமே வீட்டுக் கதையில் எஞ்சின. 1949 இல் வெள்ளையர் பிறருடன் மணஞ்செய்வதைத் தடுக்கும் சட்டமும், 1950 இல் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதியும் சட்டமும் தென்னாபிரிக்காவில் வந்தபோது கத்தரீனாவின் பேரப்பிள்ளைகள் வெள்ளையர் பட்டியலில் எழுதப்பட்டனர். அதே சட்டம் நேற்றால் தமிழரை இந்தியர் பட்டியலில் எழுதிற்று. 1860 நவம்பர் 16 ஆந் திகதி துரூரோ என்னும் கப்பலில் சென்னையிலிருந்து டேர்பனுக்கு வந்திறங்கிய கரும்புத்தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் அவர்கள். ஒரே கரை; ஒரே சோழமண்டலக் காற்று. இருநூறு ஆண்டு முன்பின்னாய்க் கப்பலேறிய காரணத்தால் ஒருவர் மற்றவருடைய தெருவிலே குடியிருக்கவும் கூடாதாயிற்று.

மறதியைக் கலைத்தவர்கள் ஆராய்ச்சியாளர். 1980களின் நடுப்பகுதியில் ஹான்ஸ் ஹேச என்னும் வரலாற்றறிஞர் பழைய ஏடுகளிலிருந்து கலப்பு மணங்களைப் பெயர் பெயராக எடுத்து நூலாக்கியபோது அந்நாட்டிலே பெருங் கூச்சல் எழுந்தது. பதிவுச் சட்டம் 1991 இல் நீக்கப்பட்டது. அதற்குப் பின், 1990களிலே, மான்செல் உப்பம் என்பவர் கத்தரீனாவின் வழக்கையும் வாழ்வையும் ஏடு ஏடாகத் துருவி எழுதினார். அந்தத் தேடலின் முறை எம் இளைஞர் அறியத்தக்கது. இன்றைய பெயரிலிருந்து பின்னோக்கித் திருமணப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, குடிக்கணக்கு, சபைத் தீர்மானம், இறுதியில் நீதிமன்ற ஏடு என்று படிப்படியாய் இறங்க வேண்டும். ஓரிடத்திலே படி உடைந்திருந்தால் வேறோர் ஊரின் ஏட்டில் அப்படியைத் தேட வேண்டும். கும்பனியின் ஏடுகள் ஹேக், ஜக்கார்த்தா, கேப் டவுன், சென்னை, கொழும்பு என்னும் ஐந்து நகரங்களிலே சிதறிக் கிடக்கின்றன. 2003 இல் யுனெஸ்கோ அவை அனைத்தையும் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. நமது தேசிய சுவடிகள் திணைக்களத்திலே ஒல்லாந்தர் காலக் காணித் தோம்பும், பாடசாலைத் தோம்பும் உள்ளன. தம் பரம்பரையை அறிய விரும்பும் அன்பர் எவரும் அங்கே போகலாம். அங்கே அகப்படுவது எல்லாம் உடையாராகவே இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்கலாகாது.

இக்கட்டுரைக்காகச் சென்ற தவணை விடுமுறையில் நாம் நால்வர் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து, 1757 இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்தைப் பார்த்து வந்தோம். தரையெங்கும் கல்லறைக் கற்கள், குலமுத்திரைகள், பட்டம் பதவிகள். அவர்களுக்குச் சமைத்தவர், வெளுத்தவர், பல்லக்குச் சுமந்தவர் பெயர் எந்தக் கல்லிலும் நம் கண்ணிற்படவில்லை. வெளியே வந்து துறைமுகப் பக்கம் பார்த்தபோது வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது. அதனையும் கூறி முடிக்கின்றோம்.

1899 இல் ஆங்கிலேயருக்கும் தென்னாபிரிக்கப் போயர்களுக்கும் போர் மூண்டது. மாபெக்கிங் நகர் முற்றுகையைப் பின்னாளில் நடத்திய போயர் தளபதியின் குடும்பப் பெயர் ஸ்னைமன். அதே போரிலே காந்தியடிகள் நேற்றாலில் அமைத்த நோயாளர் காவுபடையில் ஏறக்குறைய ஆயிரத்து நூறு பேர் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலார் தோட்டக் கூலிகள், தமிழர் பலர். பிடிபட்ட போயர்களை ஆங்கிலேயர் கடல் கடத்தினர். 1900 ஓகஸ்ட் மாதம் முதல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் இக் கொழும்புத் துறைமுகத்திலே இறக்கப்பட்டு, ரயிலேற்றப்பட்டுத் தியத்தலாவைக்குக் கொண்டுபோகப்பட்டனர். பண்ணைவீடுகளிலிருந்து வந்த அந்த ஐயாயிரம் பேரிலே பழவேற்காட்டுக் கத்தரீனாவின் குருதி ஓடியவர் பலர் இருந்திருப்பர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஓராயுள் முழுவதும் திரும்பி வரலாகாது என்று கடத்தப்பட்டவளின் சந்ததி, அவள் பிறந்த கரைக்கு எதிர்க்கரையிலே, விலங்கோடு வந்து நின்றது. அவர்களைக் கண்ட கொழும்புத் தமிழருக்கும் அது தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

1902 இல் போர் முடிந்தபின் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர் ஊர் திரும்பினர். எங்கல்பிரெக்ற் என்பவர் செய்ய மறுத்தார். அவர் அம்பாந்தோட்டையிலேயே தங்கி, யால வனவிலங்குச் சரணாலயத்தின் முதற் காவலராய்ப் பணியாற்றி, தம் பண்ணையை மீண்டுங் காணாமலே இந்நாட்டில் இறந்தார்.